கான்ஜியைப் பாதியில் விட வைக்கும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் ஜப்பானிய மொழி படிக்க வரும் பிள்ளைகளோடு பின்னேரங்களில் இருந்து படித்தும் படிப்பித்தும் ஆறு வருடமாகிறது. ஏறத்தாழ எல்லாரும் ஒரே இடத்தில்தான் களைத்துப் போகிறார்கள். முதல் மூன்று மாதம் ஓட்டமாக ஓடுவார்கள். ஒலியை எழுதும் ஹிரகனா, கட்டகனா என்ற இரண்டு எழுத்து வரிசையிலும் அடிப்படை எழுத்து தலா 46தான். ஏடு தொடக்கிய நாளில் இருந்து 247 எழுத்தோடு வளர்ந்தவர்களுக்கு அது பெரிய வேலை இல்லை. வசனமும் தமிழ் மாதிரியே அடுக்குப்படும்: வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு போல ஒரு சிறு சொல் பெயருக்குப் பின்னால் ஒட்டும். (ஜப்பானிய மொழியியல் பேராசிரியர் சுசுமு ஓனோ, நம்முடைய பல்கலைக்கழகத்தின் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடு சேர்ந்து இரண்டு மொழிக்கும் உறவு தேடினார். மொழியியலாளர் பலர் அந்த உறவை ஏற்கவில்லை. என்றாலும், வசன ஒழுங்கு ஒத்துவருவது படிக்கிற பிள்ளைக்கு முதல் கிழமையிலேயே தெரியும்.)

அப்புறம் கான்ஜி வரும், ஒலியோடு பொருளையும் குறிக்கும், சீனத்தில் இருந்து வந்த எழுத்துகள். ஓட்டம் நிற்கும். அந்த மூன்று மாத வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "எனக்கு இதுக்கு மூளை காணாது அண்ணா" என்று சொல்லிவிட்டு வராமல் விடுவார்கள். மூளை காணாமல் நின்ற ஒரு பிள்ளையைக்கூட நான் காணவில்லை. ஒவ்வொருவரும் நின்றதற்குத் தெளிவான ஒரு காரணம் இருந்தது, அநேகமாகத் திருத்தக்கூடிய காரணம்.

முதல் காரணம் கணக்கு. அன்றாடப் பாவனைக்கென ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2136 கான்ஜி இருக்கின்றன. ஒரு நாளைக்கு 20 படித்தால் 107 நாளில் முடியும் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவார்கள். அதே எழுத்துகளோடு பிறந்து வளரும் ஜப்பானியப் பிள்ளைக்கு முதலாம் வகுப்பில் கற்பிப்பது 80 மட்டும். ஆறு வருடத்தில் 1026. மிச்சம் 1110ஐயும் அதற்குப் பிறகுதான் படிக்கிறார்கள். வளர்ந்தவர்கள் இதைவிட வேகமாகப் போகலாம், அது உண்மை. ஆனால் இன்றைக்குப் படித்த 20 எழுத்தும் நாளைக்கும், மூன்றாம் நாளும், அடுத்த கிழமையும் திரும்பி வந்து நிற்கும். எழுத்துகளை அட்டை அட்டையாகக் காட்டி, மறப்பதற்கு முன் மீட்டுப் பார்க்க வைக்கும் ஆன்கி போன்ற செயலியைப் பாவிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூன்றாம் கிழமையில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது பழைய அட்டைகள் வரும். ரியூசன் முடித்து எட்டு மணிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளை அதை எப்படிச் செய்யும்? ஐந்தோடு தொடங்குங்கள். பழையது குவிகிற கிழமையில் புதியதை முற்றாக நிறுத்துங்கள். நாளுக்கு ஐந்து என்றாலும் ஒரு வருடமும் இரண்டு மாதமும்தான்.

குவிந்ததைக் கண்டு பயப்படுவது அடுத்தது. இதில் நானே விழுந்திருக்கிறேன். ஒரு வருடம் நல்லூரில் கொடியேறியது. 25 நாளும் பின்னேரம் கோயிலடி. திருவிழா முடிந்து செயலியைத் திறந்தால் அறுநூற்றுச் சொச்சம் அட்டைகள் காத்துக்கொண்டிருந்தன. மூடி வைத்தேன். நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளித் தள்ளி, திரும்ப நான் உட்காரும்போது மார்கழி. அந்த 25 நாளால் எனக்குப் பெரிய நட்டம் வரவில்லை. வெட்கத்தில் திறக்காமல் விட்ட மூன்று மாதத்தில்தான் படித்ததெல்லாம் கரைந்தது. இப்போது எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது: திருவிழா, செத்தவீடு, சோதனை, காய்ச்சல் எல்லாம் வரும். வந்தால் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், பழையதில் பத்து அட்டை, அவ்வளவு போதும். அதுவும் முடியாமல் போனால், திரும்பி வரும் நாளில் முப்பது மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். குவியலை ஒரே இரவில் முடிக்க வெளிக்கிட்டால் அடுத்த நாள் கட்டாயம் படிக்க மாட்டீர்கள்.

மூன்றாவது நம்முடைய பள்ளிக்கூடப் பழக்கம்: ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவது. கொப்பி நிறையும், மனம் நிறைந்த மாதிரியும் இருக்கும். ஆனால் நாலாவது தடவைக்குப் பிறகு கை மேலே உள்ளதைப் பார்த்துக் கீறுகிறது, அவ்வளவுதான். மூன்று தரம் எழுதுங்கள், கொப்பியை மூடுங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து வெறும் தாளில் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். வராவிட்டால் நல்லது, எது வரவில்லை என்று தெரிந்துவிட்டது. ஜே.எல்.பி.ரி என்ற ஜப்பானிய மொழித் தேர்ச்சிச் சோதனை முழுவதும் விடை தெரிவு செய்வதுதான், கையால் எழுதச் சொல்வதில்லை. ஆகவே எழுதுவது ஞாபகத்துக்கு உதவும் அளவுக்கு இருந்தால் காணும்.

ஓர் எழுத்தின் எல்லா உச்சரிப்பையும் ஒரே மூச்சில் பாடமாக்குவதும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு ‘நிச்சியோபி’ என்பார்கள். அதில் சூரியனைக் குறிக்கும் அதே எழுத்து இரண்டு தரம் வருகிறது, முதலில் ‘நிச்சி’, கடைசியில் ‘பி’. பட்டியலாகப் படித்தால் இது தலையிடி. சொல்லாகப் படித்தால் நாக்கு தானாகப் பழகிவிடும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் முக்கியமானது. இணையத்தில் கிடைக்கும் ஞாபகக் கதைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் யோசிப்பவர்களுக்காக எழுதியவை. நம் பிள்ளைகள் அதை அப்படியே எடுக்கிறார்கள். ஆங்கிலச் சொல் விளையாட்டையும் சேர்த்துப் பாடமாக்க வேண்டியிருப்பதால் சுமை இரண்டாகிறது. உங்கள் கதையை உங்கள் மொழியில் செய்யுங்கள். மருந்து என்ற எழுத்தை எடுங்கள். மேலே புல், கீழே சுகம், இன்பம் என்று பொருள்படும் எழுத்து. சுகம் தரும் பூண்டு, மருந்து. அம்மம்மா முற்றத்தில் தூதுவளை பிடுங்கியதைக் கண்ட பிள்ளைக்கு வேறு கதை எதற்கு? கொக்குவிலில் இருந்து வரும் ஒரு தங்கச்சி, முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகப் படிப்பவள், பதினாறு கோடு கொண்ட அந்த எழுத்தை ஒரே நாளில் பிடித்தாள். அதைவிடக் கோடு குறைந்தவை மூன்றோடு மட்டும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள்: காத்திரு, கையில் வைத்திரு, நேரம். மூன்றிலும் வலப்பக்கம் ஒரே உறுப்பு, புத்த கோயிலைக் குறிக்கும் எழுத்து. குழப்பம் வரத்தான் செய்யும். மூன்றையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். இடப்பக்கம் மட்டும் பார். கை இருந்தால் வைத்திரு. சூரியன் இருந்தால் நேரம். நடக்கும் அடி இருந்தால் காத்திரு. அவள் தானாகவே ஒன்றைச் சேர்த்தாள்: "வெயில் கோயில் வீதிக்கு வந்தால் பூசை நேரம், அண்ணா." அதற்குப் பிறகு அவளுக்கு அது மாறியதில்லை.

வாய் என்ற எழுத்து வெறும் சதுரம். நுழைவுக்கும் வெளியேறலுக்கும் ஜப்பானில் அந்தச் சதுரத்தைத்தான் பின்னால் போடுகிறார்கள். நாம் வாயில் என்றும் நுழைவாயில் என்றும் சொல்வதும் அதே வாயை வைத்துத்தான். ஆங்கிலக் கதைகளில் இது கிடைக்காது.

கடைசியாக, பாடப்புத்தகத்துக்கு வெளியே எதையும் வாசிக்காமல் இருப்பது. படித்த எழுத்தை உலகத்தில் ஒருநாளும் காணாவிட்டால் ஆர்வம் எங்கிருந்து வரும்? ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. இலகு ஜப்பானியத்தில் செய்தி போடுகிறது, கான்ஜிக்கு மேல் சிறிதாக உச்சரிப்பும் இருக்கும். அது கூடக் கடினம் என்றால் வீதியைப் பாருங்கள். நம்மூரில் ஓடும் வான்களும் சின்ன பஸ்களும் எத்தனையோ ஜப்பானில் ஓடிப் பழையதாகி வந்தவை. கதவிலும் கண்ணாடியிலும் ஒட்டியவற்றை ஒருவரும் கிழிப்பதில்லை.

போன மாதம் பருத்தித்துறை பஸ்ஸில் அந்தத் தங்கச்சி பின் இருக்கையில் இருந்து எனக்குப் படம் ஒன்று அனுப்பினாள். பின் கதவுக்கு மேல் மங்கிய சிவப்பில் மூன்று எழுத்து. கீழே அவள் எழுதியிருந்தது: "அல்ல, வழமை, வாய். வழமையாத் திறக்காத வாசல். அவசரக் கதவு தானே அண்ணா?"