கண்மாயில் ஊத்தா குத்துவது எப்படி

அறுப்பு முடிந்து, கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கும் தொடைக்கும் நடுவே வற்றி நிற்கும்போதுதான் ஊத்தா என்ற மீன்பிடிக் கூடைக்கு வேலை. அதற்கு மேல் ஆழம் இருந்தால் ஊத்தாவின் மேல்வாய் மூழ்கிவிடும், மாட்டிய மீன் மேல்வழியாகவே போய்விடும். சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி, திருப்பத்தூர்ப் பக்கம் ஊர் கூடி மீன் பிடிப்பது கோடையில் வருவது இதனால்தான்.

ஊத்தா என்பது இருபுறமும் திறந்த கூம்புக் கூடை. மூங்கில் சிம்பில் பின்னியது கைக்கு இலகு. இரும்புக் கம்பியில் செய்தது சேற்றில் நன்றாக இறங்கும், ஆனால் ஒரு மணி நேரத்தில் தோள் விட்டுப்போகும். இரண்டரை அடி உயரம், அடிவாய் இரண்டடி அகலம், மேல்வாய் உங்கள் கை தோள்வரை தாராளமாக நுழையும் அளவு. சிம்புகளுக்கு இடையே ஒரு விரல் நுழையலாம், இரண்டு விரல் நுழைந்தால் குரவை மீன் நழுவும். அடிமுனைகள் கூராக, ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மேல்வாய் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுங்கள். இல்லையென்றால் அக்குளும் முழங்கையும் சிராய்த்துவிடும்.

ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுக் கரையில் துண்டு வீசும்வரை தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. முன்னால் ஒருவர் இறங்கினால் மீன் முழுக்க ஆழத்துக்கு ஒதுங்கிவிடும், மற்றவர் பங்கும் போகும். வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். அங்குள்ள மீன் நாரைக்கும் கொக்குக்கும் உரியது, ஊத்தாவோடு போகாதீர்கள்.

இறங்கியதும் முதல் கால் மணி நேரம் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நூறு கால்கள் மிதித்துத் தண்ணீர் கலங்கிச் சேறானபின், செவுளில் சேறு அடைத்து மூச்சு முட்டி மீன் மேலே வந்து வாய் பிளக்கும். அப்போதுதான் கை வேகம் பிடிக்க வேண்டும். நாலைந்து பேர் ஒரு கை இடைவெளியில் வரிசையாக நடந்தால், ஒருவரிடம் தப்பியது அடுத்தவரிடம் மாட்டும்.

ஊத்தாவைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுபவருக்கு மீன் கிடைக்காது, நிழலும் சத்தமும் முன்பே போய்ச் சொல்லிவிடும். அடிவாய் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தூக்கி, ஓரடி முன்னே வைத்து, இரு கையாலும் நேராக அழுத்துங்கள். விளிம்பு நாலு விரல் சேற்றில் இறங்க வேண்டும். குளம்புக் குழியோ கருவேலங்கட்டையோ அடியில் இருந்து ஒரு பக்கம் தூக்கி நின்றால், மீன் நேராக அந்த இடுக்கைத்தான் தேடும். காலால் சேற்றைத் தள்ளி அடையுங்கள்.

அழுத்திய பிடியை விடாமல் மூன்று எண்ணும் நேரம் பொறுங்கள். மீன் இருந்தால் சிம்பில் ‘டக் டக்’ என்று முட்டுவது உள்ளங்கையில் தெரியும். கெண்டை பட்டுப் பட்டென்று முட்டும். விரால் ஒரே இடி இடித்துவிட்டு அமைதியாகிவிடும், அடுத்து மேல்வாய் வழியாகத் துள்ளும். ஆகவே நெஞ்சால் மேல்வாயை மறைத்துக்கொண்டே கையை உள்ளே விடுங்கள். விரலை விரித்துத் துழாவாதீர்கள். புறங்கையைச் சிம்போடு ஒட்டிச் சுற்றி வந்து, மீனைச் சேற்றோடு அமுக்கி, தலைக்குப் பின்னால் செவுளில் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்குங்கள். வாலைப் பிடித்த மீன் நிற்காது.

மீசை தட்டுப்பட்டால் கை நிற்கட்டும். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முள். முன்னாலிருந்து வந்து அந்த முட்களுக்குப் பின்னே விரல்களைக் கொடுத்துப் பிடியுங்கள். தேளி மீன் குத்தினால் கடுப்பு தாங்காது. குத்துப்பட்ட இடத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் வலி தணியும். முள் முறிந்து உள்ளே நின்றாலோ வீங்கினாலோ மருத்துவமனைக்குப் போங்கள், டி.டி. ஊசியும் வேண்டும். காலுக்குப் பழைய கான்வாஸ் ஷூவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். சீமைக்கருவேல முள்ளும் பாட்டில் கண்ணாடியும்தான் நம் கண்மாய்களில் பாம்பைவிட அதிகம் காயப்படுத்துபவை.

மீன் ஓய்ந்ததும் கரையேறிவிடுங்கள், சேற்றைத் தோண்டாதீர்கள். குரவையும் விராலும் ஈரச் சேற்றில் புதைந்து, காற்றை மூச்சிழுத்தே மழைவரை கிடக்கும். அடுத்த வருஷத்துக்கான விதை அது.

பிடித்த விராலை உடனே அறுக்க வேண்டியதில்லை. மூடியில் ஓட்டை போட்ட குடத்தில் நல்ல தண்ணீரோடு ஓர் இரவு விட்டால் சேற்று வாடை குறையும். மறுநாள் சாம்பல் தொட்டுச் சொரசொரப்பான கல்லில் தேய்த்துச் செதில் எடுத்து, கல் உப்பும் புளிக்கரைசலும் பிசறிக் கால் மணி நேரம் வைத்துக் கழுவினால் மிச்ச வாடையும் போய்விடும்.