குறும்படத்தில் நாய் நடிக்கணுமா? காசிமேட்டுச் சந்தில் ஷூட்டிங் வைப்பவர்களுக்கு ஒரு செய்முறை

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டைப் பக்கம் குறும்படம் எடுக்க வருகிறவர்களின் கதையில் எப்படியும் ஒரு நாய் வந்துவிடும். இல்லையென்றால் மொட்டைமாடிப் புறா. நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில் என்பதால், “அண்ணா, நாளைக்கு ஷூட்டிங், ஒரு நாய் கிடைக்குமா?” என்று போன் வரும். நாளைக்கு என்றால் கிடைக்காது. குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டிய வேலை இது.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. பூட்டிய வீட்டு வாசலில் நாய் உட்கார்ந்து கதவையே பார்க்கிறது. தெருமுனையிலிருந்து பையன் கூப்பிட்டதும் ஓடுகிறது. இதை எப்படி எடுப்பது?

படி 1: காட்சியைத் துண்டு போடுங்கள்

“நாய் சோகமாகக் காத்திருக்கிறது” என்று ஸ்கிரிப்டில் எழுதினால் எனக்கு உபயோகமில்லை. நாய்க்குக் கதையும் தெரியாது, கேட்டதும் சோகமும் வராது. நாய் செய்யக்கூடிய சின்னச் சின்ன வேலைகளாக அதை மாற்றி எழுதுங்கள்: நடந்து வருகிறது, வாசலில் உட்காருகிறது, கதவைப் பார்க்கிறது, தலையைத் தரையில் வைத்துப் படுக்கிறது, எழுந்து ஓடுகிறது. ஐந்து வேலை, ஐந்து ஷாட். சோகத்தை எடிட்டரும் இசையமைப்பாளரும் பார்த்துக்கொள்வார்கள்.

இந்தப் பட்டியலில் நாய் விருப்பத்தோடு செய்யாத எதுவும் இருக்கக் கூடாது. அடி வாங்குவது, சண்டை போடுவது, செத்துக் கிடப்பது எல்லாம் நாயின் வேலை இல்லை. விளையாட்டுக்குக் கட்டிப் புரள்வதை எடுத்துவிட்டு, உறுமலை டப்பிங்கில் சேர்த்தால் அது சண்டை. செத்த நாய்க்கு ஆர்ட் டிபார்ட்மென்ட் பொம்மை செய்யட்டும். படுத்த நாயின் வயிறு ஏறி இறங்குவது கேமராவில் தெரிந்துவிடும். அதற்காக மயக்க ஊசி போடலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூடாது, சட்டப்படியே கூடாது.

படி 2: எந்த விலங்கைத் தொடவே கூடாது?

குரங்கு, கரடி, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிப்படுத்த மத்திய அரசின் 1998 அறிவிக்கையிலேயே தடை. 2011இல் காளையும் சேர்ந்தது. இவை கதைக்கு வேண்டுமென்றால் கிராபிக்ஸ்தான் வழி. பச்சைக்கிளியும் நல்லபாம்பும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. “பக்கத்து வீட்டுப் பாட்டி கிளி வளர்க்கிறாங்க” என்று கொண்டுவந்தால் பாட்டியும் சேர்ந்து மாட்டுவார்.

படி 3: நாயைத் தேர்ந்தெடுப்பது

நம் தெருக் காட்சிக்கு லாப்ரடார் வந்தால் பொருந்தாது, நாட்டு நாய்தான் சரி. அதற்காகத் தெருவில் சுற்றும் நாயைப் பிஸ்கட் காட்டி இழுத்து வராதீர்கள். தடுப்பூசி போட்டதா தெரியாது. பையனைக் கடித்தால் யார் பொறுப்பு? ஒரு வீட்டில் வளரும், மாநகராட்சி உரிமமும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் உள்ள நாயாகப் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு எவர்சில்வர் தட்டைக் கொஞ்சம் தள்ளி, தெரியாமல் விழுந்த மாதிரி கீழே போடுங்கள். திடுக்கிட்டுப் பார்த்துவிட்டு உடனே வந்து மோந்து பார்க்கும் நாய் தேறும். கட்டிலுக்கடியில் போய் வெளியே வராத நாயை விட்டுவிடுங்கள். அது நல்ல நாய்தான், சினிமா அதற்கு வேண்டாம்.

படி 4: அனுமதி

இதற்கான சட்டம், காட்சி விலங்குகள் பதிவு விதிகள், 2001. நாயின் உரிமையாளர் அதை இந்திய விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வாரியம் முன்பு நம்மூர்த் திருவான்மியூரில் இருந்தது, இப்போது தலைமையகம் ஹரியானாவின் பல்லப்கரில். என்ன விலங்கு, என்ன வயது, என்ன செய்யப் போகிறது, எப்படிப் பழக்கினீர்கள், எத்தனை நேரம் என்று எல்லாம் எழுதி, கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். படி 1இல் போட்ட பட்டியல் இங்கே அப்படியே உதவும். படப்பிடிப்பின் இடம், தேதி, நேரத்தை நான்கு வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும். மருத்துவர் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை, வேப்பேரி மாட்டாஸ்பத்திரி பக்கத்தில்தான்.

“யூடியூப்ல தானே போடப் போறோம், சென்சாரே இல்லையே” என்பார்கள். படம் எந்தத் திரையில் ஓடினாலும் கேமரா முன் நிற்பது அதே நாய்தான்.

படி 5: மார்க் பழக்குவது

நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். மார்க்கில், அதாவது சொன்ன இடத்தில், போய் நிற்கும் நாய் இருந்தால் காட்சியில் முக்கால்வாசி முடிந்தது.

ஒரு பழைய டர்க்கித் துண்டைத் தரையில் விரியுங்கள். நாய் அதன்மேல் கால் வைத்ததும் கிளிக்கரை (அழுத்தினால் ‘டிக்’ என்று சத்தம் வரும் சின்னக் கருவி) அழுத்தி, வேகவைத்த கோழி ஈரல் துணுக்கு ஒன்று கொடுங்கள். துணுக்கு பாதிக் கொண்டைக்கடலை அளவு போதும். பெரிதாகக் கொடுத்தால் வயிறு நிறைந்து வேலை நின்றுவிடும். ‘டிக்’ சத்தம் கால் பட்ட அதே நொடியில் வர வேண்டும். ஒரு நொடி பிந்தினால், துண்டிலிருந்து இறங்கியதற்குத்தான் ஈரல் கிடைத்தது என்று நாய் புரிந்துகொள்ளும்.

துண்டைத் தேடிப் போய் நிற்க ஆரம்பித்ததும் அதைப் பாதியாக வெட்டுங்கள். அப்புறம் கால்வாசி. கடைசியில் உள்ளங்கை அளவுத் துணி போதும், அதைத் திண்ணையின் நிறத்தில் வைத்தால் கேமராவுக்குத் தெரியாது. இடத்தை மாற்றி மாற்றிப் பழக்குங்கள், வீட்டில் கற்றதை நாய் தெருவில் தானாகச் செய்யாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. சலிப்பதற்குள் நிறுத்திவிட வேண்டும்.

நாயோடு நடிக்கும் பையனை இந்தக் கட்டத்திலேயே கூட்டி வாருங்கள். ஈரலை அவன் கையால் கொடுக்கட்டும். முகத்தோடு முகம் வைத்துக் கட்டிப்பிடிக்கக் கூடாது என்பதை அவனுக்கும் பழக்க வேண்டும்.

படி 6: லொகேஷன்

ஷூட்டிங் நடக்கும் அதே நேரத்தில், முதல் நாளே போய்ப் பாருங்கள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலக் கூட்டத்தில் எந்த நாயும் உங்கள் பேச்சைக் கேட்காது, அவ்வளவு வாசனை. துறைமுகத்திலிருந்து நாலு சந்து தள்ளிப் போங்கள். பின்னணியில் விசைப்படகுகள் வரிசையாக நிற்க வேண்டுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் எல்லாம் கரையில்தான் இருக்கும். ஆனால் அது கத்திரி வெயிலும் கூட. காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் முடிக்க முடிந்தால் மட்டும் அந்த மாதங்களைத் தொடுங்கள். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும்.

ஓடும் பாதை முழுவதையும் பெருக்குங்கள். வலை பின்னும் இடங்களில் தூண்டில் முள்ளும் கம்பித் துண்டும் மண்ணோடு கலந்து கிடக்கும், பாட்டில் சில்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தத் தெரு நாய்களுக்கு அது அவர்கள் ஏரியா. சோறு வைக்கும் அக்கா ஒருவர் கண்டிப்பாக இருப்பார். அவரிடம் சொல்லி, ஷாட் முடியும் வரை அவற்றை வேறு பக்கம் கூப்பிட்டு வைக்கச் சொல்லுங்கள். சாவு மேளம், வெடி வருகிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். வந்தால் அன்றைக்குப் பேக்கப்தான்.

படி 7: ஷூட்டிங் அன்று

யூனிட்டில் எல்லோரிடமும் முதலில் சொல்ல வேண்டியது: யாரும் நாயைத் தடவ வேண்டாம், பிஸ்கட் போட வேண்டாம், கூப்பிட வேண்டாம். பயிற்சியாளர் “போதும்” என்றால் டைரக்டர் மறுபேச்சு பேசக் கூடாது. இதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாப்பை நாயின் மூக்குக்கு நேரே அடிக்காதீர்கள். ஷாட் முடிந்த பிறகு, தள்ளி நின்று மெதுவாக எண்ட் கிளாப் அடித்தால் போதும். ‘ஆக்‌ஷன்’ என்று கத்தாமல் கையசைவில் நடத்துங்கள். உள்ளே எடுத்தால், செயற்கை வெளிச்சத்தைக் குறைவாகவே வையுங்கள். இன்றைய டிஜிட்டல் கேமராவுக்கு அது தாராளம். வழவழ டைல்ஸ் தரை என்றால் வழுக்காத பாய் போடுங்கள்.

கதவைப் பார்க்கும் ஷாட்டுக்குக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, பயிற்சியாளர் உள்ளே ஒளிந்துகொள்ள வேண்டும். கேமரா ஓட ஆரம்பித்த பிறகு உள்ளிருந்து ஒரு புதுச் சத்தம்: பிளாஸ்டிக் கவர் கசக்குவது, கீச்சுப் பொம்மை, எதுவும் சரி. நாய் காதைத் தூக்கித் தலையைச் சாய்த்துப் பார்க்கும். தியேட்டரில் ‘உச்’ கொட்ட வைக்கும் பார்வை இதுதான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் மதிப்பு, அப்புறம் திரும்பியே பார்க்காது. அதனால் ஒத்திகையில் அதை வீணாக்காதீர்கள், ஃபோகஸ் எல்லாம் முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

ஓடும் ஷாட்டில் ஒருவர் ஹார்னெஸை (நாயின் மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) பிடித்திருக்க, பையன் கூப்பிட்டதும் விட வேண்டும். சந்தின் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தி வண்டிகளை மறியுங்கள்.

நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, அடிக்கடி உதட்டை நக்குவது, கண்ணோரம் வெள்ளை தெரிவது, வாலை இடுக்குவது எல்லாம் பயத்தின் அடையாளம். கண்டால் நிழலுக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் காட்டுங்கள்.

புறா என்றால்

வளர்ப்பவர் மாடியிலேயே எடுங்கள். புறா தன் கூண்டுக்குத்தான் திரும்பும், இன்னொரு மாடியில் திறந்துவிட்டால் அடுத்த டேக்குக்கு இருக்காது. கையில் வந்து உட்கார வேண்டுமானால், அதன் வழக்கமான தீனி நேரத்தில் ஷாட்டை வையுங்கள். பட்டினி போட்டுப் பழக்குவது விதிப்படி குற்றம். பொழுது சாயும்போது பறக்க விடாதீர்கள். பக்கத்து மாடியில் காற்றாடி பறந்தால் மாஞ்சா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூண்டைத் திறக்க வேண்டும், நகரில் தடை இருந்தும் இன்னும் விடுகிறார்கள். டிரோனைக் கீழே இறக்குங்கள்.

படி 8: முடிந்த பிறகு

வெட்டாத காட்சிகளையும் ஷூட்டிங் தேதிக் குறிப்புகளையும் பத்திரமாக வையுங்கள். படம் தியேட்டருக்குப் போனால், தணிக்கைக்கு விலங்குகள் நல வாரியத்தின் ஆட்சேபனையில்லாச் சான்று வேண்டும், அப்போது இவை தேவைப்படும். உரிமையாளருக்குப் பேசிய பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நாயை வீட்டில் விட ஏசி வண்டிக்குப் பட்ஜெட்டில் இடம் இருக்கட்டும். ஆட்டோவில் ஏற்றினால் எண்ணூர் நெடுஞ்சாலை கன்டெய்னர் லாரிகளின் ஹாரனைத் தவிர்க்க உள்தெரு வழியாகப் போகச் சொல்லுங்கள்.