இலங்கையை பஸ்ஸிலும் ரயிலிலும் சுற்ற

வாடகைக் கார் பிடிக்காமலே இலங்கையின் பெரும்பாலான ஊர்களைப் பார்த்துவிடலாம். முதல் வேலை, ஊர்ப் பெயர்களைப் பழகிக்கொள்வது. ரயில் நிலையப் பலகைகளில் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கும். நமக்கு அது பெரிய வசதி. ஆனால் ஆங்கில வரைபடத்தில் பார்த்த பெயரைப் பலகையின் தமிழ் வரியில் தேடினால் சில ஊர்களுக்குக் கிடைக்காது. மவுண்ட் லவினியா தமிழில் கல்கிசை, ஸ்லேவ் ஐலண்ட் கொம்பனித்தெரு, பெட்டா புறக்கோட்டை, பாயிண்ட் பெட்ரோ பருத்தித்துறை. போகிற ஊருக்கு இரண்டு பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு பஸ் அரசுடையது, இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை); மற்றவை தனியார். தட எண் இரண்டுக்கும் ஒன்றே: கொழும்பிலிருந்து கண்டிக்கு 1, காலி வழியாக மாத்தறைக்கு 2, யாழ்ப்பாணத்துக்கு 87, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 187. தூரப் பயணத்துக்குப் பஸ் புறப்படும் நிலையத்திலேயே ஏறுங்கள்; வழியில் ஏறினால் மணிக்கணக்கில் நிற்க நேரும். முன்பக்கம் மதகுருமாருக்கு ஒதுக்கிய இருக்கைகள் காலியாக இருந்தாலும் உட்கார வேண்டாம், ஒரு பிக்கு ஏறியதும் எழுந்துகொள்ள வேண்டியிருக்கும். பெரிய பையை ஓட்டுநர் பக்கத்து இன்ஜின் மூடிமேலோ பின் டிக்கியிலோ வைக்கச் சொல்வார்கள். குளிரூட்டிய சின்ன 'இன்டர்சிட்டி' பஸ்ஸில் அந்த இடமும் குறைவு. பை ஒரு இருக்கையைப் பிடித்தால் அதற்கும் கட்டணம் கேட்பார்கள். இந்த பஸ்ஸில் பாதியில் இறங்கினாலும் கடைசி ஊர் வரைக்குமான காசுதான்.

சில்லறை நோட்டு கட்டாயம் வேண்டும். 5000 ரூபாய் நோட்டை நீட்டினால் நடத்துநர் திண்டாடுவார். மிச்சக் காசைப் பிறகு தருகிறேன் என்பது அங்கே வழக்கம், ஏமாற்று அல்ல. இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் முன்பே நினைவூட்டிவிடுங்கள். இறங்க வேண்டுமானால் சிங்களப் பகுதியில் "பஹினவா", வடக்கு கிழக்கில் "இறக்கம்" என்று குரல் கொடுத்தால் போதும். நிலைய வாசலில் ஆட்டோக்காரர் "கடைசி பஸ் போய்விட்டது" என்றால் உள்ளே போய் நேரக்காப்பாளரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரயிலில் பதிவு இருக்கைகள், முக்கியமாக மலைநாட்டுப் பாதையில், விற்பனை தொடங்கியதும் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டு அன்றன்றைக்கு நிலையத்திலேயே கிடைக்கும். அதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆகவே சீட்டு கையில் இருப்பதால் உட்கார இடம் கிடைத்துவிடாது. கொழும்பு கோட்டை நிலையத்தில் பாதைக்கு ஒரு கவுண்டர். தப்பான வரிசையில் நின்று ரயிலைத் தவறவிடுவோர் நிறைய. காலிப் பக்கம் போகும் பல ரயில்கள் ஒரு நிலையம் முன்னால் மருதானையில் புறப்படுகின்றன. அங்கே போய் ஏறி வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம். சீட்டை எறிந்துவிடாதீர்கள், வெளியேறும் வாசலில் கேட்டு வாங்குவார்கள்.

மலைநாட்டில் மூன்று விஷயம் பலரைக் குழப்புகிறது. கண்டி பிரதான பாதையில் இல்லை. கொழும்பு–பதுளை ரயில்களில் சில கண்டிக்குள் வராமல் பக்கத்துப் பேராதனையிலிருந்தே பதுளைப் பக்கம் போய்விடும், கண்டியில் இருப்பவர் அவற்றுக்குப் பேராதனைக்குப் போய்த்தான் ஏற வேண்டும். நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடிக்கடி மூடப்படும், கடைசி நிலையம் வரை ஓடுகிறதா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டரை வைத்து நேரம் கணக்கிட வேண்டாம். கொழும்பிலிருந்து கண்டிக்கு சுமார் 115 கி.மீ.தான், சாதாரண பஸ்ஸில் மூன்றரை மணி நேரமாவது ஆகும். ஒரு நாளைக்கு ஒரு நீண்ட பயணம் போதும், அதையும் விடிகாலையில் தொடங்குங்கள். தெற்கு அதிவேக நெடுஞ்சாலை இதற்கு விதிவிலக்கு: கொழும்பிலிருந்து ஹோமாகம போகும் 138 பஸ்ஸில் மாகும்புர நிலையத்தில் இறங்கி, காலிக்கோ மாத்தறைக்கோ நெடுஞ்சாலை பஸ் ஏறலாம்.

ஏப்ரல் நடுவில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஊர்விட்டு ஊர் மாறும் திட்டம் வைக்காதீர்கள். ஓட்டுநரும் நடத்துநரும் வீட்டுக்குப் போய்விடுவதால் தனியார் பஸ்கள் பெரும்பாலும் நின்றுவிடும். இருக்கிற ஒன்றிரண்டில் ஏறவே முடியாது.