கணக்குத் துறைக்கு எந்தப் பட்டம்?

மே மாதம் வந்தால் போதும், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருவார்கள். நான் முதலில் சொல்வது இதுதான்: ‘பி.காம். சி.ஏ.’ என்ற பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிடாதீர்கள். அந்த சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டராக்கும் சி.ஏ. வேறு, அது இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் நடத்துவது. இரண்டாம் ஆண்டில்தான் இது தெரியவந்து, ஒரு பெண் என் மேசை முன் உட்கார்ந்து அழுதாள்.

பெயரை விடுங்கள், பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். நிதிக் கணக்கு, அடக்கவிலைக் கணக்கு, வருமான வரி, ஜி.எஸ்.டி., தணிக்கை எல்லாம் எந்தெந்த செமஸ்டரில் வருகின்றன என்று பென்சிலால் வட்டமிடுங்கள். சாதாரண பி.காமிலேயே பெரும்பாலும் இவை இருக்கும். பி.பி.ஏ.வில் மேலாண்மைதான் அதிகம். கணக்கில் ஆசை உள்ள பிள்ளைக்கு நான் அதைச் சொல்வதில்லை.

சரி, சி.ஏ.தான் வேண்டுமா? பிளஸ் டூவுக்குப் பிறகு அதன் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம். இல்லாவிட்டால் வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் எடுத்து நேராக அடுத்த கட்டமான இண்டர்மீடியட்டுக்குப் போகலாம். வேறு பட்டம் என்றால் 60. அப்புறம் 2 வருடம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பயிற்சி. அது முழுநாள் வேலை, பகல் கல்லூரியோடு ஒத்துவராது. ஃபவுண்டேஷன் வழியில் போகிறவர்கள் அஞ்சல் வழி பி.காமையும் யோசியுங்கள்.

சேரும் முன் ஒருநாள், தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து வவுச்சர்களை பில்லோடு ஒப்பிட்டு டிக் அடிப்பதைப் பிள்ளை பார்க்கட்டும்.