காகிதக்கூழ்ப் படம்: நாரிலேயே தொடங்கும் தவறுகள்

பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டிக் கூடை செய்த கை நம் ஆயாக்களுடையது, அப்பத்தாக்களுடையது. இன்று காரைக்குடிப் பக்கம் அதே கூழில் வாழைநாரும் பனை ஓலையும் சேர்த்துச் சுவரில் மாட்டும் படம் செய்யலாம் என்று இறங்குபவர்கள், வடிவம் சரியில்லை என்றுதான் வருந்துகிறார்கள். உண்மையில் கோளாறு நாரில் இருக்கும்.

பச்சை நாரை அப்படியே கூழில் போடாதீர்கள். நாரோடு இருக்கும் பசை போகாவிட்டால் அது கூழைப் பிடிக்காது; காய்ந்ததும் முடிபோலத் தூக்கிக்கொண்டு நிற்கும். 2 செ.மீ. அளவுக்கு நறுக்கி, 100 கிராம் காய்ந்த நாருக்கு 20 கிராம் சலவைச் சோடா போட்டு, நார் நன்றாக மூழ்கும்படி தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று மணி நேரம் வேகவிடுங்கள். அலுமினியச் சட்டியைச் சோடா அரித்துவிடும், எவர்சில்வர்தான் சரி. ஓர் இழையை எடுத்து இழுத்தால் நீளவாக்கில் சுலபமாகப் பிரிய வேண்டும். அதுவரை அடுப்பை அணைக்க வேண்டாம்.

அலசுவதில்தான் பலருக்கும் பொறுமை போகிறது. சோடா தங்கினால் நாளடைவில் படம் பழுப்பேறி நொறுங்கும். கூழில் ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது போலச் சிவந்தால் இன்னும் அலச வேண்டும். சாயத்துக்கு மட்டும் மஞ்சளை நம்பாதீர்கள், வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

மிக்ஸியில் நெடுநேரம் ஓட்டினால் நார் துண்டு துண்டாகி வலு போய்விடும். வீட்டில் உரல் இருந்தால் இடித்துப் பாருங்கள். இழை நசுங்கி விரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வித்தியாசம் கையிலேயே தெரியும். பளபளப்பான வாரப் பத்திரிகைத் தாள் வேண்டாம், அதன் மேல்பூச்சு கூழைக் கெடுக்கும்.

பச்சை இலையைப் பதித்தால் கறை பரவும், பூஞ்சை பிடிக்கும். தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்த பிறகே பதியுங்கள். கொட்டான் என்கிற ஓலைக்கூடை முடைந்து மிஞ்சிய பனை ஓலை விறைப்பானது. ஊறவைத்து, மேலே மெல்லிய கூழ்ப்படலம் ஒன்று போட்டால்தான் நிற்கும். மைதாப் பசையை அள்ளிப் போட்டால் பூச்சி தேடி வரும்.

கடைசியாக, முற்றத்து வெயில். அதில் காயவைத்தால் மேல்பக்கம் முந்திச் சுருங்கி ஓரமெல்லாம் வளைந்துவிடும். ஸ்பாஞ்சால் ஒற்றி ஈரத்தை எடுத்து, கூழைப் பரப்பிய பலகையோடு வளவுத் (வீட்டின் உள்முற்றத்துத்) தாழ்வார நிழலில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மின்விசிறி இல்லாமல் முடியாது. பலகைக்கு அடியில் ஒரு பாலிதீன் விரிப்பும் போடுங்கள்: சாயத்தண்ணீர் சொட்டினால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் உறிஞ்சிக்கொள்ளும், அந்தக் கறையை எடுப்பது பெரும்பாடு.