வழியருகே விழுந்த விதை: வீட்டின் பின்புறத்தில் புல்தரை அமைக்கும் முறை

என் வீட்டின் பின்புறத்தில் இப்போது இருக்கும் புல்தரை இரண்டாவது முயற்சியில் வந்தது. முதல் முயற்சியில் விதைத்ததில் பாதி முளைக்கவே இல்லை. முளைத்ததிலும் பெரும்பகுதி மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை. எங்கே தவறினேன் என்பதைக் காட்டிக்கொடுத்தது, ஞாயிறு பள்ளியில் சிறுவயதில் மனப்பாடமாக ஒப்புவித்த, வழியருகிலும் கற்பாறையிடத்திலும் முள்ளுக்குள்ளும் நல்ல நிலத்திலும் விதை விழுவதாக இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமைதான். எத்தனையோ பிரசங்கங்களில் அதைக் கேட்டிருந்தும், மண்வெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அதைப் பற்றி ஒருமுறைகூட யோசித்ததில்லை. முளைக்க வேண்டும் என்று ஜெபித்தேனா என்று கேட்டால், ஆம், இரண்டு முறையும் ஜெபித்தேன். முதல் முறை நிலத்தைக் கொத்தவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

எந்தப் புல்

நாள்தோறும் 6 மணி நேரத்துக்குக் குறையாமல் நேர் வெயில் விழும் வெப்பமான இடமென்றால் பெர்முடா புல்லையே பரிந்துரைப்பேன். அது வேறொன்றுமில்லை, அறுகம்புல்தான். ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த வேரோட்டமே புல்தரைக்கு முதலில் வேண்டிய குணம். மிதிபட்டாலும் பக்கவாட்டில் தண்டு விட்டு மீண்டும் மூடிக்கொள்ளும். நிழலை மட்டும் பொறுக்காது. குளிர் மிகுந்த இடங்களுக்கு ரைகிராஸ், ஃபெஸ்க்யூ ஆகியவை பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. மைதானங்களில் காணப்படும் மெல்லிய இலைகொண்ட கலப்பினப் பெர்முடாவுக்கு விதை கிடையாது. அமெரிக்காவில் 1960-இல் வெளியிடப்பட்ட டிஃப்வே 419 போன்ற வகைகள் மும்மயத் தாவரங்கள், அதாவது மூன்று தொகுதி குரோமோசோம்கள் கொண்டவை, என்பதால் மலடானவை. தண்டுத் துண்டுகளாகவோ மண்ணோடு பெயர்த்த பத்தைகளாகவோ நட்டுத்தான் அவற்றை வளர்க்க முடியும். அப்பெயரைச் சொல்லி யாராவது விதைப் பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள். நான் சாதாரணப் பெர்முடாவை விதையிலிருந்து வளர்த்தேன். கீழே இருப்பது அந்த முறை.

மண்: நான் இடறிய இடம்

வீடு கட்டி முடித்த மனையின் பின்புறத்தில் இருப்பதை மண் என்று நம்பிவிடக் கூடாது. செங்கல் இறக்கிய வண்டிகளும், சாரம் ஊன்றிய கால்களும், மாதக்கணக்கில் நடந்த நடையும் மேல்மண்ணைத் தளம்போல் இறுக்கிவிடுகின்றன. மிஞ்சிய சிமெண்டுக் கலவையும் செங்கல் உடைசலும் பள்ளத்தில் தள்ளப்பட்டு, அவற்றின் மேல் இரண்டு விரற்கடை மண் போர்த்தப்படுகிறது. ஆகவே உவமையில் வரும் வழியருகும் கற்பாறையிடமும் ஒரே கொல்லையில் பத்தடி இடைவெளியில் இருக்கக்கூடும். என் கொல்லையில் இருந்தன.

அந்த உவமை வரும் பைபிளின் மாற்கு 4-ஆம் அதிகாரத்தில், கற்பாறையிடத்தில் விழுந்த விதை மண் ஆழமில்லாததால் சீக்கிரத்தில் முளைத்தது என்று சொல்லப்படுகிறது. ‘சீக்கிரத்தில்’ என்ற அந்தச் சொல்லை நான் கவனித்ததே இல்லை. என் கொல்லையில் எல்லா இடங்களையும் முந்திக்கொண்டு, ஆறாம் நாளே, வடகிழக்கு மூலையில் பச்சை தெரிந்தது. மனைவியை அழைத்துக் காட்டினேன். படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அடியில் கலவைக் கட்டி கிடந்ததால் மேலிருந்த மெல்லிய மண் வெயிலில் விரைவாகச் சூடேறி விதையை முன்னதாக எழுப்பியிருக்கிறது. நீரைப் பிடித்துவைக்க ஆழமில்லாததால் பதினெட்டாம் நாள் அதே மூலைதான் முதலில் வெளுத்தது. ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் வந்தது. கீழே இறங்க வேண்டிய வேர் கட்டியில் முட்டி, மடங்கி, அதன்மேல் வெள்ளை நூலைப்போலப் படுத்திருந்தது.

எனவே விதை வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். நிலத்தை ஒருநாள் நனைத்து, மறுநாள் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள திருப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மீட்டர் இடைவெளியிலும் கையால் அழுத்திப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் வரை சிரமமின்றி இறங்கினால் நல்லது; அது இறங்காமல் நின்ற இடத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வையுங்கள். அந்த இடங்களைக் கடப்பாரையால் பெயர்த்து, கிடைக்கும் கட்டிகளை முழுவதுமாக வெளியேற்றுங்கள். சிமெண்டுத் துண்டுகளை ‘அடியில்தானே இருக்கிறது’ என்று விட்டுவிட வேண்டாம். வேரைத் தடுப்பதோடு மண்ணின் காரத்தன்மையையும் அவை உயர்த்துகின்றன. புல்லுக்கு ஏற்ற பி.எச். அளவு 6 முதல் 7 வரை.

பிறகு ஓர் அடி ஆழக் குழி தோண்டி, ஒருமுறை நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடியும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 2.5 முதல் 5 சென்டிமீட்டர் வரை இறங்கினால் கவலையில்லை. மிகக் குறைவாக இறங்கினால் களிமண் மிகுதி. அதற்கு மணலைக் கொட்டுவதைவிட நன்கு மக்கிய உரத்தைக் கலப்பதே சரி. களிமண்ணில் கொஞ்சமாக மணல் சேர்த்தால் அது முன்னிலும் கெட்டிப்படும்.

நிலம் முழுவதையும் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்தி, 3 சென்டிமீட்டர் கனத்துக்கு மக்கிய உரத்தைப் பரப்பிக் கலந்துவிடுங்கள். இதற்குப் பவர் டில்லரை வாடகைக்கு எடுக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். நான் எடுக்க மாட்டேன். மண்ணில் கோரை இருந்தால், அந்த இயந்திரம் அதன் கிழங்குகளை நிலம் முழுவதும் பரப்பிக் கொடுத்துவிடும். மண்வெட்டியால் கொத்தும்போது கிழங்கு கண்ணில் படும். கையால் பொறுக்கி எறியலாம். நான் 4 சனிக்கிழமைகளில் ஒரு வாளி நிறையப் பொறுக்கினேன். மண் ஈரமாக ஒட்டும் நாளில் மட்டும் கொத்தாதீர்கள். காய்ந்தபின் கட்டி கட்டியாக நிற்கும்.

மட்டமும் பொய் விதைப்படுக்கையும்

இரண்டு முளைக்குச்சிகளை நட்டு, நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சுவரிலிருந்து விலக விலக, மீட்டருக்கு 1 அல்லது 2 சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே போக வேண்டும். இது எளிது, அரை நாள் வேலை.

அடுத்ததுதான் பொறுமைக்கு வைக்கும் முதல் சோதனை. தயாரான நிலத்தில் உடனே விதைக்காமல், விதைத்ததுபோலவே இரண்டு வாரம் தண்ணீர் தெளியுங்கள். மேல்மண்ணில் உறங்கும் களை விதைகள் முளைத்துவிடும். அவற்றை ஆழமாகக் கிளறாமல் மேலோட்டமாகச் செதுக்கி எடுத்துவிட்டுப் பிறகு விதைக்கலாம். பொய் விதைப்படுக்கை என்பது இதுதான். முதல் முறை இந்த இரண்டு வாரத்தை மிச்சப்படுத்தினேன். அதற்குப் பதிலாக மூன்று மாதம் களை பிடுங்கினேன்.

விதைத்தல்

மண்ணின் வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிலையாக இருக்கும் காலமே பெர்முடாவுக்குரியது. சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் விதை போதும். விதை மிகவும் பொடியானது என்பதால் நான்கு பங்கு உலர்ந்த மணலுடன் கலந்துகொள்ளுங்கள். கலவையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நெடுக்காகவும் மறுபாதியைக் குறுக்காகவும் நடந்து தூவினால் திட்டுத்திட்டாக விழாது. பின்னர் இரும்பு வாரியின் முதுகுப்புறத்தால் மெல்லத் தடவி, அரை சென்டிமீட்டருக்கு மேல் மூடாதபடி பார்த்துக்கொண்டு, உருளை கொண்டு ஒருமுறை அழுத்துங்கள். உருளை இல்லையென்றால் பலகையைப் போட்டு அதன்மேல் நடந்தாலும் போதும். விதையும் மண்ணும் ஒட்டியிருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

பின்சேர்க்கை: எறும்புகள் விதையை வரிசையாகச் சுமந்துபோய்விடுவதாக, இதைப் படித்த இருவர் எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தத் தொல்லை நேரவில்லை. ஆனால் அவர்களில் ஒருவரே, விதைத்த அன்றே களை விதை கலக்காத வைக்கோலை மிக மெல்லியதாக, கீழே மண் பாதி தெரியும்படி, பரப்பியதும் இழப்பு குறைந்தது என்று பின்னர் தெரிவித்தார். வைக்கோல் ஈரத்தையும் காப்பதால் அதை இப்போது நானும் பரிந்துரைக்கிறேன். பறவைகளுக்கும் அது ஓரளவு தடை.

தண்ணீரும் காத்திருப்பும்

முளைக்கும் வரை மேலுள்ள 2 சென்டிமீட்டர் மண் காயவே கூடாது. அதற்கு நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகத் தெளிக்க வேண்டும். குழாயின் முனையில் பூவாளித் தலை மாட்டித் தெளிப்பதே எனக்குப் பிடித்த முறை. நேரம் வைத்துத் தானாகச் சுழலும் தெளிப்பான்கள் மூலைகளைக் காயவிட்டு நடுவில் குட்டை கட்டிவிடுகின்றன. நீங்களே நின்று தெளித்தால் எந்த இடம் வெளுக்கிறது என்பது கண்ணில் படும்.

விடியற்காலைத் தெளிப்பு என் ஜெப நேரத்தோடு மோதியது. முதலில் இரண்டில் ஒன்றை அவசரமாக முடித்துக்கொண்டிருந்தேன். பின்னர் அன்றைக்குரிய வேதபாகத்தை வாசித்துவிட்டு, குழாயைப் பிடித்தபடி அதை நினைத்துக்கொண்டு நிற்கப் பழகினேன். நாற்காலியில் கண்களை மூடிய சில நிமிடங்களுக்குள் கடன் தவணைக்கு ஓடிவிடும் மனம், கையில் ஒரு வேலை இருந்தபோது அவ்வளவாக ஓடவில்லை. இது என் அனுபவம் மட்டுமே. மற்றவர்களுக்கு விதியாகச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீர் ஊற்றலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். ஆலயத்துக்குப் புறப்படும் முன் நான் ஊற்றுகிறேன். ஓய்வுநாளிலும் எருதை அவிழ்த்துக்கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுகிறீர்கள் அல்லவா என்று இயேசு கேட்டதாக லூக்கா 13-இல் இருக்கிறது. முளை விடும் விதையை அந்த எருதின் இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். புல் வெட்டுவதைச் சனிக்கிழமையே முடித்துவிடுவேன், அது காத்திருக்கக்கூடிய வேலை.

பெர்முடா முளைக்க 7 முதல் 21 நாள் வரை ஆகும். ஒன்பதாம் நாள் எதுவும் தெரியாதபோது நகத்தால் மண்ணைக் கிளறி விதையைத் தேடிப் பார்த்தேன். அங்கே ஒரு விதை வெடித்து, மயிரிழை போன்ற வெள்ளை முனையை நீட்டியிருந்தது. என் நகம் பட்டு அது ஒடிந்தது. அதே மாற்கு 4-இல், நிலத்தில் விதைத்த மனிதன் இரவில் தூங்கிப் பகலில் விழித்திருக்க, அவனுக்குத் தெரியாத விதமாய் விதை முளைத்துப் பயிராகிறது என்றொரு சிறிய உவமை உண்டு. விதைக்கிறவன் உவமையைப்போல அது பிரசங்கங்களில் அதிகம் எடுத்தாளப்படுவதில்லை. செய்முறையாக எடுத்துக்கொண்டால் அதன் பொருள் எளிது: தண்ணீர் ஊற்றுங்கள், கிளறாதீர்கள், இரவில் தூங்குங்கள்.

முளைத்துப் பரவத் தொடங்கியதும் தெளிக்கும் தடவைகளைக் குறைத்து அளவைக் கூட்டுங்கள். வேர் நீரைத் தேடிக் கீழே இறங்கும். வேரூன்றிய புல்லுக்கு மழையையும் சேர்த்து வாரத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர், போதும். ஒரு காலி டப்பாவை நடுவில் வைத்து ஊற்றினால் எவ்வளவு விழுந்தது என்று அளந்துகொள்ளலாம்.

இளம் புல்லில் களை

இங்கே என் கை துறுதுறுத்தது; பிடுங்கினேன். ஒரு களையோடு நான்கு இளம் புற்கள் வேரோடு வந்தன. கோதுமைக்குள் விதைக்கப்பட்ட களைகளை அறுப்புவரை விட்டுவைக்கச் சொல்லும் மத்தேயு 13-இன் உவமை, முதல் ஆறு வாரப் புல்தரைக்கு அப்படியே பொருந்துகிறது. பல களைகள் முதல் இரண்டு வெட்டுகளிலேயே செத்துவிடும். மீதியைப் புல் வேரூன்றியபின் எடுக்கலாம். அந்த உவமையின் களை, கதிர்விடும் வரை கோதுமையைப்போலவே தோன்றும் டார்னல் என்ற புல் என்று பரவலாகக் கருதப்படுகிறது. புல்தரைக்கென்று நாம் விலைகொடுத்து வாங்கும் ரைகிராஸும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். கோரைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதைக் கிழங்கோடு தோண்டியே எடுக்க வேண்டும், மேலே பிடுங்கினால் கிழங்கு மறுபடி தளிர்க்கும்.

வெட்டுதலும் உரமும்

புல் 6 சென்டிமீட்டர் உயர்ந்ததும், தரை காய்ந்திருக்கும் வேளையில், 4 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். ஒரே வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. சிறிய கொல்லைக்கு, கையால் தள்ளும் உருளைக் கத்தி இயந்திரமே சிறந்தது. கத்தரிக்கோல்போல் நறுக்கும், ஓசையும் குறைவு. மழுங்கிய கத்தி இலையைக் கிழிப்பதால் நுனிகள் இரண்டு நாளில் பழுப்பாகும். வெட்டிய துணுக்குகளை வாரி எறிய வேண்டாம். அவை மக்கித் தழைச்சத்தாகத் திரும்பும். புல்லறுத்த வெளியின்மேல் பெய்யும் மழையைப்போல் ராஜா இறங்குவார் என்று 72-ஆம் சங்கீதத்தில் வருகிறது. வெட்டிய அன்று மாலை ஒரு தூறல் விழுந்தபோது, கொல்லைப்புறக் கதவைத் திறந்ததும் வந்த வாசனையில்தான் அந்த வரி எனக்கு விளங்கியது.

ஆறாவது வாரத்தில் சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியா தூவி, உடனே நன்றாகத் தண்ணீர் விடுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது தூவினால் ஒட்டிக்கொண்டு கருக்கும். ‘உரம் போட்டேன், மஞ்சளாகிவிட்டது’ என்று எழுதியவர்களில் பெரும்பாலோர் பனி காய்வதற்குள் காலையிலேயே தூவியவர்கள்.

பிற்பாடு தெரிந்த ஒன்று

எட்டாவது மாதத்தில் பின்கதவுக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் இடையே புல் தேய்ந்து, கெட்டியான ஓர் ஒற்றையடிப் பாதை தோன்றியது. விதைத்த இடத்திலேயே மறுபடியும் வழியருகு. மண்ணைக் கொத்தி இரண்டு முறை மறுவிதைப்புச் செய்தும் பயனில்லை, நாங்கள் அந்த வழியாகத்தான் நடப்போம். கடைசியில் தட்டைக் கற்களை ஓர் எட்டு இடைவெளியில், அதாவது நடுவுக்கு நடு 60 சென்டிமீட்டர் தூரத்தில், பதித்தோம். வீட்டில் அதிகம் துணி உலர்த்துபவரை நடக்கவிட்டு, அவருடைய அடி விழும் இடத்தில் சுண்ணாம்பால் குறியிட்டுக்கொள்ளுங்கள். என் எட்டுக்கு வைத்த கற்களைப் பிறகு பெயர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. கல்லின் மேற்பரப்பு மண்மட்டத்தைவிட உயராமல் பார்த்துக்கொண்டால், வெட்டும் இயந்திரம் அதன்மேல் தடையின்றிப் போகும்.