அண்ணனை அப்பா என்று எழுதாதீர்கள்

ஆசியத் தொடர்களையும் அவற்றின் ரீமேக்குகளையும் ஒப்பிட்டு எழுதுவது என் வேலையில் பாதி. அப்படி எழுதப் புதிதாக வருகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது மீதிப் பாதி. போன மாதம் கைக்கு வந்த மூன்று கட்டுரைகளைப் படித்தபோது, பத்து வருடத்துக்கு முந்தைய என்னையே படிப்பது போல இருந்தது. நான் விழுந்த அதே பள்ளங்களில் வரிசையாக விழுந்திருந்தார்கள்.

பெயர்களைத் தப்பாக எழுதுவது, முதல் பத்தியிலேயே முடிவைப் போட்டு உடைப்பது, இவற்றையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. இன்னொரு முறை படித்தால் தானே கண்ணில் படும். பத்து முறை படித்தாலும் படாதவைதான் ஆபத்து.

அண்ணனை அப்பாவாக்குவது

‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’. 2009இல் வந்த கொரியத் தொடர். அதன் நாயகன் லீ மின் ஹோவின் சுருட்டை முடி வழியாகத்தான் நம்மில் பலரும் கொரியாவுக்குள் நுழைந்தோம். அதனால் 2021இல் தாய்லாந்துக்காரர்கள் இதே கதையை எடுத்ததும், ‘கொரிய மூலத்தைத் தாய்லாந்து எப்படிக் கையாண்டது?’ என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், ‘இல்லை, 2001இல் தைவானில் வந்த மீட்டியர் கார்டன்தான் மூலம்’ என்று திருத்துவார்கள். இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

மூலம் யோகோ காமியோ வரைந்த ஜப்பானிய மங்கா, அதாவது சித்திரக் கதை. ‘மார்கரெட்’ இதழில் 1992இல் தொடங்கியது. தைவான் அதை 2001இல் எடுத்தது. ஜப்பானே தன் வீட்டுக் கதையை நடிகர்களை வைத்துத் தொலைக்காட்சித் தொடராக்கியது அதற்கு நான்கு வருடம் கழித்து, 2005இல். பிறகு 2009இல் கொரியா, 2018இல் சீனா, 2021இல் தாய்லாந்து. இவை ஒன்றுக்கொன்று அப்பா பிள்ளை இல்லை, ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள். முதலில் பிறந்தவன் அண்ணன், அவ்வளவுதான். தம்பியின் மூக்கு அண்ணன் மூக்கு மாதிரி இருந்தால் அதை அண்ணனா கொடுத்தான்?

இதில் என்ன குடி முழுகிப் போகிறது, மூலத்தின் பெயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்போது ஒரு சிற்றிதழில் எனக்கு ஆறு பக்கம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்றரைப் பக்கத்தைச் சிவப்புச் சீட்டுக்கு ஒதுக்கினேன். கதை தெரியாதவர்களுக்கு: எஃப்4 என்று நான்கு பணக்காரப் பையன்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டவரின் லாக்கரில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டப்படும். அந்த நிமிடத்திலிருந்து பள்ளி மொத்தமும் அந்த ஒருவர் மீது பாயும். நான் அதை எடுத்துக்கொண்டு கொரியாவின் நுழைவுத் தேர்வு வெறி, குடும்ப நிறுவனங்களின் ஆதிக்கம், வகுப்பில் ரேங்க் போடும் பழக்கம் என்று முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு, ‘கொரிய மனத்தின் சிவப்பு நிறம்’ என்று உபதலைப்பும் வைத்தேன். நண்பனுக்கு வாசித்துக் காட்டினேன். கைதட்டினான்.

இதழ் வந்து பத்து நாளில் ஒரு வாசகியின் அஞ்சலட்டை. சிவப்புச் சீட்டு ஜப்பானிய மங்காவிலேயே இருக்கிறது, தைவான் தொடரிலும் இருக்கிறது, அப்படியானால் இந்த ஒன்றரைப் பக்கம் எந்த நாட்டைப் பற்றியது சார் என்று கேட்டிருந்தார். மொத்தமே நான்கு வரி. பதில் எழுத எனக்கு ஒரு வரியும் இல்லை. அச்சில் ஏறியதை அழிக்கவா முடியும்? எட்டு மாதத்துக்கு அந்த இதழிலிருந்து ஃபோன் வரவில்லை.

இன்றைக்கும் யாராவது ‘இந்தக் காட்சியில்தான் கொரியப் பண்பாடு தெரிகிறது’ என்று எழுதினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. பாதி என் மேலேயே வருகிற கோபம். மூலத்தைத் தப்பாகப் பிடித்தால் ஒரு பெயர் மட்டும் தப்பாவதில்லை. கதையோடு கூடப் பிறந்த அத்தனையையும் ஒரு நாட்டின் குணமாக எழுதிவிடுகிறோம்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? எல்லாப் பிள்ளைகளிடமும் இருப்பதை ஒதுக்குங்கள். ஒரே ஒரு பிள்ளையிடம் மட்டும் இருப்பதைத் தேடுங்கள்.

மங்காவில் நாயகி சுகுஷி சாதாரணக் கம்பெனி ஊழியரின் மகள். பணக்காரப் பள்ளியில் அவளைச் சேர்த்ததே பெற்றோரின் ஆசை. கொரியத் தொடரில் அந்தக் குடும்பம் சலவைக் கடை வைத்திருக்கிறது. நாயகி ஜன்டி துவைத்த துணியைக் கொடுக்க அந்தப் பள்ளிக்குப் போகிறாள். போன இடத்தில், கொடுமை தாங்காமல் மொட்டை மாடியிலிருந்து குதிக்கப் போன ஒரு மாணவனைக் காப்பாற்றுகிறாள். செய்தி வெளியே பரவி ஊர் கொதிக்கிறது. பள்ளியை நடத்தும் நிறுவனம், கொதிப்பை அடக்க அவளுக்கே இலவச இடம் கொடுத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இது மங்காவில் இல்லை. பெரிய நிறுவனம், மக்கள் கோபம், அதைச் சமாளிக்க ஒரு சலுகை என்று எழுத இடம் இங்கேதான் இருந்தது. நான் எழுதியிருக்க வேண்டிய ஒன்றரைப் பக்கம் சலவைக் கடையைப் பற்றியது.

இன்னொன்று. நாயகன் வெட்டவெளியில் மணிக்கணக்காகக் காத்திருப்பான், நாயகி தாமதமாக வருவாள், அப்புறம் இருவரும் இரவு முழுக்க ஓரிடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஜப்பானியத் தொடரில் மாட்டிக்கொள்வது லிஃப்டில். கொரியாவில் சியோல் நம்சான் மலையின் கேபிள் காரில். மாட்டிக்கொள்வது பொதுச் சொத்து, கேபிள் கார் மட்டும்தான் கொரியாவுடையது. லிஃப்டுக்குள் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது, முகத்தை முகம் பார்த்தாக வேண்டும். கேபிள் காரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நகரமே விளக்கேற்றி நிற்கிறது. ஒரே இரவு, ஆனால் ஒன்றில் கூச்சம், ஒன்றில் காட்சி.

ஒரே வயிறு என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் நாயகியின் பெயரைப் பாருங்கள். சுகுஷி என்பது வசந்தத்தில் தானாக முளைத்து வரும் ஒரு காட்டுச் செடியின் தளிர். தைவானில் ஷான் சாய், அதுவும் அதே செடி. கொரியாவில் ஜன்டி, புல்வெளிப் புல். தாய்லாந்தில் கோர்யா, புல் கொத்து. நம் ஊரில் எடுத்திருந்தால் அறுகு என்று வைத்திருக்கலாம். மிதிக்க மிதிக்க முளைப்பவள் என்பதை நான்கு மொழிக்காரர்களும் கைவிடவில்லை. நாயகன் விஷயத்தில் தைவான் இன்னும் எளிதாக முடித்துக்கொண்டது. தோம்யோஜி என்ற ஜப்பானியக் குடும்பப் பெயரின் மூன்று எழுத்துகளையும் அப்படியே வைத்துச் சீன உச்சரிப்பில் படித்தது. தாவ் மிங் ஸ ஆகிவிட்டான்.

எல்லாக் கதையும் இப்படி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘குட் டாக்டர்’ விஷயத்தில் கொரியாதான் நிஜமான அப்பா. அங்கே 2013இல் வந்தது. அமெரிக்கா 2017இல், ஜப்பான் 2018இல், துருக்கி 2019இல் எடுத்தன. அமெரிக்கத் தொடர் ஏழு சீசன் ஓடியதால் அதையே மூலம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய தவறுதான், இந்த முறை பிள்ளையை அப்பாவாக்கிவிட்டார்கள்.

ஒன்பதையும் இருபத்தைந்தையும் ஒரே தராசில் வைப்பது

கொரிய ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ 25 எபிசோடு. ஜப்பானில் 2005இல் வந்தது 9. அதை மட்டும் பார்த்துவிட்டு, ‘நாயகன் நினைவிழக்கும் பகுதியை ஜப்பான் வெட்டிவிட்டது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வெட்டவில்லை. 2007இல் வந்த 11 எபிசோடு இரண்டாம் சீசனில் இருக்கிறது. தைவானிலும் அப்படித்தான், ‘மீட்டியர் கார்டன் 2’ பார்க்க வேண்டும்.

‘மதர்’ தொடரில் இந்தக் கணக்கு இன்னும் பெரியது. கொடுமைப்படுத்தப்படும் சிறுமியை அவள் ஆசிரியை தூக்கிக்கொண்டு போய்த் தன் மகளாக வளர்க்கும் கதை. ஜப்பானில் 2010இல் 11 எபிசோடு, மொத்தம் எட்டு மணி நேரச் சொச்சம். கொரியாவில் 2018இல் 16. துருக்கியில் 2016இல் தொடங்கி 33, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கே ஒரு தொடர் ஓர் இரவையே நிரப்ப வேண்டும். குப்பைப் பையில் கட்டி வெளியே போடப்பட்ட குழந்தையை ஆசிரியை கண்டெடுக்கும் அந்த இரவு எல்லாவற்றிலும் உண்டு. துருக்கியில் அதைச் சுற்றி ஒரு தெருவே குடியேறிவிடும். ‘இழுவை’ என்று எழுதுவதற்கு முன் எத்தனை மணி நேரத்தை நிரப்பச் சொன்னார்கள் என்று பாருங்கள். அதற்குப் பிறகும் இழுவையாகத் தெரிந்தால் தாராளமாக எழுதுங்கள்.

அச்சு அசல் என்றால் நல்லது என்று நினைப்பது

ஜப்பானின் ‘மிட்நைட் டைனர்’, நள்ளிரவில் திறக்கும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையின் கதை. சீனா அதை 2017இல் எடுத்தது. கடை, மேடை, சமையல்காரரின் உடை என எல்லாமே ஜப்பான் மாதிரியே. சீன ரசிகர்கள்தான் கொதித்துப் போனார்கள். சீன நகரங்களின் ராத்திரிச் சாப்பாடு தெருவோரக் கடையில், புகைக்கு நடுவே, சத்தத்துக்கு நடுவே நடப்பது. அதை விட்டுவிட்டு இந்த அமைதியான மரக்கடை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். போதாக்குறைக்கு விளம்பரத்துக்காக இன்ஸ்டன்ட் நூடுல்ஸைக் கதைக்குள் கிண்டினார்கள். ராத்திரி சாப்பாட்டுக் கடைக்குப் போய் யாராவது பாக்கெட் நூடுல்ஸ் கேட்பார்களா?

டப்பிங்கில் பார்த்துவிட்டு நடிப்பை அளப்பது

பாதி நடிப்பு குரலில் இருக்கிறது. அந்தக் குரல் வேறொருவருடையது.

சரித்திரம் தெரியாமல் பாத்திரத்தைத் திட்டுவது

‘மூன் லவ்வர்ஸ்’ (2016) சீனாவின் ‘பூ பூ ஜிங் ஷின்’ (2011) தொடரின் கொரிய வடிவம், இரண்டுக்கும் அடியில் துங் ஹுவாவின் நாவல். இன்றைய காலத்துப் பெண் ஒருத்தி பழங்காலத்தில் போய் விழும் கதை. சீனத்தில் அவள் விழுவது காங்ஷி பேரரசரின் இளவரசர்களுக்கு நடுவே. கொரியர்களுக்குக் காங்ஷி எதற்கு? கோர்யோ அரசை நிறுவிய வாங் கொன்னின் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சீனத்து நான்காம் இளவரசர் பின்னால் யோங்செங் பேரரசர் ஆனவர். கொரியத்து நான்காம் இளவரசர் 949இல் அரியணை ஏறிய குவாங்ஜோங். அவர் தன் அப்பாவின் வேறொரு மனைவிக்குப் பிறந்த சகோதரியை மணப்பதைப் பார்த்து, ‘திரைக்கதை எழுதியவருக்குப் புத்தி பிசகிவிட்டது’ என்று ஒரு கட்டுரை வந்தது. அந்த அரச குடும்பத்தில் அப்படித்தான் மணந்தார்கள். ஏட்டில் இருக்கிறது.

ரேட்டிங்

எந்த ஊர் ரேட்டிங்? கொரிய ‘ப்ளேஃபுல் கிஸ்’ 2010இல் சொந்த ஊரில் சுருண்டு விழுந்தது, வெளிநாடுகளில் கொண்டாடினார்கள்.

எல்லாவற்றையும் தணிக்கை தலையில் கட்டுவது

2018 சீன ‘மீட்டியர் கார்டன்’ பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள், கொடுமையும் மிகவும் குறைவு. பள்ளிக் காதலைச் சீனத் தொலைக்காட்சி விரும்புவதில்லை, அதனால்தான் கல்லூரி ஆக்கிவிட்டார்கள் என்று போன மாதக் கட்டுரை ஒன்று அடித்துச் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2001 தைவான் தொடரிலேயே அது கல்லூரிதான். இரண்டுக்கும் தயாரிப்பாளரும் ஒருவரே, ஆஞ்சி சாய். கொடுமை குறைந்ததற்கு வேண்டுமானால் தணிக்கையைக் காட்டலாம், தைவான் தொடரையே 2002இல் சீனாவில் பாதியில் நிறுத்தியவர்கள்தான். கல்லூரிக்குக் காட்ட முடியாது, அது அண்ணன் வீட்டுச் சொத்து.

‘எது பெஸ்ட்?’

கட்டுரையில் எழுதாதீர்கள். டீக்கடையில் கேட்டால் சொல்லலாம். நான் தைவான் கட்சி. படம் மங்கல், ஒலி மோசம், நாயகன் ஜெர்ரி யானின் அன்னாசித் தலையை இன்று யாருக்கும் காட்ட முடியாது. ஷான் சாயாக நடித்த பார்பி ஷூ 2025 பிப்ரவரியில் இறந்த செய்தி வந்த இரவு, முதல் எபிசோடைத் திரும்பப் போட்டேன். நாலு எபிசோடு ஓடிவிட்டது, விடிந்தது தெரியவில்லை.